வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸ்

குழல்வாய்மொழிக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு வியாதி. எதைக் காட்டினாலும் அதற்கு அங்கிட்டு என்ன இருக்கிறது என்று கேட்பாள். குற்றாலத்தில் பெரிய அருவியைக் காட்டினார்கள். இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்றாள். மேலே செண்பகாதேவி அருவியிலிருந்து என்றார்கள். அதற்கு மேலே? தேனருவி. அதற்கும் மேலே? காடு. காட்டுக்கு அங்கிட்டு? ‘மலையாளம்’ என்று சொல்லித் தலையில் ஒரு குட்டு வைத்து அவளுடைய அப்பா பேச்சை முடித்தார். குற்றாலத்து அம்பாள் பெயரை வைத்தால் பிள்ளை அடக்கமாக இருக்கும் என்று நம்பி வைத்த பெயர் அது. நம்பிக்கை வீணாய்ப் போனது.

இப்படிக் கேட்டவள் எங்கேயாவது போய்ப் பார்த்தாளா என்றால், அதுதான் இல்லை. 1971-ல், பத்தொன்பது வயதில், தென்காசி சன்னதித் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் டீச்சராகச் சேர்ந்தாள். அப்பா அதற்கு முந்தின வருஷம் இறந்திருந்தார். அக்கா உலகம்மாள், கல்யாணமான ஆறாம் மாதமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள். இரண்டு பேர் வயிறும் தங்கையின் பத்து விரல்களை நம்பி இருந்தன. அவளிடம் தட்டப் பழகியவர்கள் மெட்ராஸ், பம்பாய், டெல்லி என்று ஆபீஸ்களில் போய் உட்கார்ந்தார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் டீச்சரைப் பார்க்க வருவார்கள். சம்பளம் எவ்வளவு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ரயில் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது, ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்பாள். அவள் போன மிகத் தூரமான ஊர் திருநெல்வேலி. அதுவும் பரீட்சைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது.

செங்கோட்டையில் ரயிலேறினால் மத்தியானத்துக்குள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடலாமே, இது ஒரு பெரிய காரியமா என்று உங்களுக்குத் தோன்றும். அவளிடமும் பலர் அப்படித்தான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு, அன்றைக்குத் துணி துவைக்க வேண்டும் என்று பதில் சொல்வாள். பதினாலு வருஷம் துணி துவைத்தாள்.

1985 சீசனில் அக்காவும் தங்கையும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஈரத் தலையோடு திரும்பும்போது, கடைகளின் வரிசையில் ஒரு கீற்றுக் கொட்டகைக்குள்ளிருந்து ‘டொக்... டொக்’ என்று ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. சாப்பாட்டில் முடி கிடந்தால் நமக்கு எப்படி இருக்குமோ, ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டால் குழல்வாய்மொழிக்கு அப்படி இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

துல்கர்னைன் உட்கார்ந்திருந்தார். தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ, வாட்ச் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். ஏழு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு அந்த வருஷம்தான் திரும்பியிருந்தார். வரும்போது ஒரு கலர் டிவியும், பரீட்சை அட்டை அளவில் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டரும் கொண்டுவந்தார். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் இரும்புச் சட்டியைச் சுரண்டுகிற மாதிரி ஐந்து நிமிஷம் கத்தும். அப்புறம் டிவியில் விளையாட்டு வரும். கார் ஓட்டுவதற்கும் விமானத்தைச் சுடுவதற்கும் சீசன் கூட்டம் முண்டியடித்தது. ஒரே ஒரு கேசட்டை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை.

“இதுல பொம்மையே கிடையாது டீச்சர். வெறும் இங்கிலீஷ் எழுத்து. என்னமோ கேக்குது. நான் என்ன சொன்னாலும் வெளங்கலைங்குது” என்றார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள். நீ ஒரு மலையடிவாரத்தில் நிற்கிறாய், எதிரே ஒரு மரக்கதவு, என்ன செய்யப் போகிறாய் என்று திரை கேட்டது. பதினாலு வருஷம் விண்ணப்பக் கடிதம் சொல்லிக்கொடுத்த கை சும்மா இருக்குமா? ‘சார், கைண்ட்லி ஓப்பன் தி டோர்’ என்று மரியாதையாக அடித்தாள். விளங்கவில்லை என்றது. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கிப் பார்த்தாள். அதுவும் விளங்கவில்லை. கடைசியில் கோபம் வந்து ‘ஓப்பன் டோர்’ என்று இரண்டே வார்த்தையில் அடித்தாள். கதவு திறந்தது. மரியாதை தெரியாத மிஷின் என்று உலகம்மாள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கதவு திறந்தால் பிறகு கேட்க வேண்டுமா, அதற்கு அங்கிட்டு என்ன என்று பார்க்க வேண்டியதாகிவிட்டது. சீசன் முடிந்து கம்ப்யூட்டர் தென்காசிக் கடைக்கு வந்ததும் ஞாயிறு மத்தியானம் தோறும் குழல்வாய்மொழி அங்கே ஆஜர். துணி துவைப்பது புதன்கிழமைக்கு மாறியது. நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாது என்று உலகம்மாள் கூடவே வந்து, கடை வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுவாள். துல்கர்னைனுக்கும் சந்தோஷம்தான். காசு கொடுத்து வாங்கிவந்த கேசட்டில் என்னதான் இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அந்த ஆட்டத்தில் நம்முடைய ஆளுக்கு நாமே பெயர் வைக்கலாம். இங்கிலீஷில் எட்டு எழுத்துக்கு மேல் வாங்காது என்பதால் ‘குழலி’ என்று வைத்தாள். குழலிக்குப் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு, உயிர் இவ்வளவு என்று திரையின் மூலையில் எண் இருக்கும். பூதத்தையோ ஓநாயையோ ஜெயித்தால் எண் கூடும். அடிபட்டால் உயிர் குறையும். முதல் மாதம் பூராவும் குழலி செத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் குழல்வாய்மொழி டைப்ரைட்டிங் பேப்பரில் வரைபடம் போட ஆரம்பித்தாள். ஒவ்வோர் இடத்திலும் வடக்கே என்ன, கிழக்கே என்ன, தெற்கே என்ன, மேற்கே என்ன என்று திரை ஒரு திசை விடாமல் சொல்லும். அவளும் ஒரு திசை விடாமல் போய்ப் பார்த்துக் குறித்தாள், அதுவும் கார்பன் வைத்து இரண்டு காப்பி.

மலைக்கு அடியில் ஒரு குள்ளனிடம் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. நெருப்பில் நடந்தாலும் சுடாது. அதை அவனிடமிருந்து வாங்குவதற்கு மட்டும் ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வாங்கின அன்றைக்கு மூன்று பேரும் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டார்கள்.

1987 ஜனவரியில் குழலி மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே கிழக்கு வாசல் வைத்து ஒரு கோயில் இருந்தது. கோயிலுக்குப் பின்னால்தான் மலைக்கு அந்தப் பக்கம். குழல்வாய்மொழி உள்ளே போவதற்கு விரலை வைத்தாள். அதுவரை பூவிலிருந்து கண்ணை எடுக்காத உலகம்மாள், தங்கை வாசித்துக் காட்டியதைக் கேட்டு நிமிர்ந்தாள்.

“ஏட்டி, கோயிலுக்குள்ள பூட்ஸு காலோடயா போவுத?”

அக்கா சொல்லும்வரை தனக்கு அது தோன்றாமல் போனதே என்று குழல்வாய்மொழிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைக்கும்படி அடித்தாள். சரி, வைத்தாயிற்று என்றது மிஷின். வெறுங்காலோடு உள்ளே போனாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. ‘நீ ஜெயித்தாய். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது வேறு கதை. உன் ஆளைக் கேசட்டில் பத்திரமாகப் பதிந்து வைத்துக்கொள்’ என்று எழுத்து வந்தது, ஆட்டம் முடிந்தது. வெளிநாட்டில் இந்த ஆட்டத்தை விளையாடிய ஆயிரம் பேரில் ஒருத்தராவது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அந்தப் பக்கம் என்ன என்று தெரியாமல் ஐந்து மாதம் அவள் பட்ட அவஸ்தையைச் சொல்ல வேண்டாம். பாடம் நடத்தும்போதே ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் ஷார்ஜாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். பெட்டியே பளபளப்பாக இருந்தது. கூடவே ஒரு கெட்ட சேதியும் வந்தது. துல்கர்னைனுக்கு மறுபடி விசா கிடைத்துவிட்டது. குற்றாலச் சீசனோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறார். கம்ப்யூட்டரைச் சுரண்டையில் கம்ப்யூட்டர் கிளாஸ் தொடங்கப்போகிற ஒருவர் விலை பேசிவிட்டார். ஆடி கடைசியில் வந்து எடுத்துப் போவார். சீசன் கூட்டத்துக்கு நடுவில் டீச்சருக்குக் கொடுக்க முடிந்தது மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகள் மட்டும், ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை. அந்த ஒன்பது மணி நேரத்துக்குள் குழலி மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் மிஷினும் இல்லை, மலையும் இல்லை.

“சுரண்டைக்காரரு ரெண்டுல ஒரு ஆட்டம்தான் எடுத்துக்கிடுவாராம். எது நல்லதுன்னு நீங்கதான் டீச்சர் வெளாடிப் பாத்துச் சொல்லணும்” என்றார் துல்கர்னைன்.

முதல் ஞாயிறு. கொட்டகைக் கீற்றில் சாரல் தட்டிக்கொண்டிருந்தது. பழைய கேசட்டிலிருந்து குழலியை உள்ளே ஏற்றினார்கள். பலம், புத்தி, அறுபது உயிர் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. ‘முந்தின கதை நடந்து நூறு வருஷம் ஆயிற்று. நீ அதே கோயிலுக்குள் தூங்கி எழுந்திருக்கிறாய்’ என்றது திரை. பழக்க தோஷத்தில் ‘கைண்ட்லி ஓப்பன் தி டோர்’ என்று அடித்துப் பார்த்தாள். கதவு திறந்தது. இந்த இரண்டு வருஷத்தில் மிஷின் மரியாதை கற்றுக்கொண்டிருந்தது. குழல்வாய்மொழிக்கு ஒரே பெருமை, தானே சொல்லிக்கொடுத்த மாதிரி.

அப்புறம் படம் வந்தது. முதல் ஆட்டத்தில் படம் இல்லாததால் குழலி எப்படி இருப்பாள் என்று யாரும் கேட்டதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளோடு நடக்கிற தன்னைத்தான் குழல்வாய்மொழி இதுநாள்வரை மனசில் பார்த்திருந்தாள். இப்போது பார்த்தால், திரையில் நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் நிற்கிறான். உலகம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து எண்ணெய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

தாடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் வெறுங்காலோடு நின்றான். கோயிலின் மேற்குக் கதவுக்கு வெளியே, படம் முழுக்கச் சிவப்பாகத் தணல் பூத்த சாம்பல் வெளி. ஓர் அடி வைத்தால் பத்து உயிர் போனது. ஆறாவது அடியில் குழலி செத்தாள். மறுபடி ஏற்றினாள், மறுபடி செத்தாள். காலில் துணி சுற்றினாள், ஓடினாள், தண்ணீரை ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம் இரும்புச் சட்டிச் சத்தம், ஆறு அடி, சாவு. ஒன்பது மணி ஆகிவிட்டது.

இரண்டாவது ஞாயிறும் அதே கதைதான். துல்கர்னைனுக்கே பாவமாகப் போய்விட்டது.

“டீச்சர், புது ஆளு ஒண்ணு கேசட்டுலயே குடுத்திருக்காவ. பூட்ஸும் மாட்டிவிட்டிருக்காவ. அவன வச்சுப் போயிருங்களேன். இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமதான் இருக்கு.”

“அவன் போறத நான் எதுக்கு பாய் பாக்கணும்? அங்கிட்டுப் போனா இவதான் போவணும்.”

பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அவர் முகம் சொன்னது. அவர் நினைத்ததும் தப்பில்லை. பெயரும் மூன்று எண்ணும் சேர்ந்தது ஒரு ஆள் ஆகுமா? ஆனால் இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மூன்று எண்ணுக்குள்தான் இருந்தன. அவளுக்கென்று அவள் எடுத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகளே அவ்வளவுதான்.

அன்றைக்குத் திரும்பும் வழியில், மனசு சரியில்லை என்று ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் நுழைந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், அவளுடைய செருப்பைக் காணவில்லை. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத செருப்பு. சீசனில் குற்றாலத்துக்கு வந்து செருப்பைத் தொலைக்காதவர்கள் யார் என்று கேட்டால் கை தூக்க ஆளிருக்காது. குழல்வாய்மொழி விடவில்லை. மாற்றி மாட்டிக்கொண்டு போயிருப்பார்களோ, ஓரத்தில் தள்ளியிருப்பார்களோ என்று கோயிலைச் சுற்றிக்கொண்டு தேடினாள்.

“கழட்டுன எடத்துல போய்ப் பாருட்டி. கோயிலச் சுத்தி வந்தா செருப்பு மொளச்சா வரும்?” என்றாள் உலகம்மாள்.

குழல்வாய்மொழி அப்படியே நின்றாள். அக்கா ஏசியதற்காக நிற்கிறாளாக்கும் என்று உலகம்மாள் நினைத்தாள். அவள் நின்றது வேறு காரணத்துக்கு. வெறுங்காலோடு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்தாள்.

உச்சியில், சதுரமாக அந்தக் கோயில். கிழக்கே வாசல், மேற்கே பின்கதவு. அவள் கையாலேயே வரைந்தது. புது ஆட்டத்துக்கு அவள் வரைபடமே போடவில்லை! அங்கேதான் அவள் ஏமாந்திருந்தாள். பழைய ஆட்டம் நாலு திசையையும் வாயால் சொன்னது, இவளும் நாலு திசையிலும் போய்ப் பார்த்தாள். புதுசில் அதுதான் படம் இருக்கிறதே. படம் எதிரே இருப்பதை மட்டும் காட்டியது. இவளும் எதிரே மட்டுமே நடந்து நடந்து செத்தாள். கோயிலுக்குப் பக்கவாட்டு என்று ஒன்று உண்டு என்பதைப் பதினாறு வருஷமாகக் கோயில் தெருவில் வேலை பார்க்கிறவள் மறந்துபோனாள். கண்ணுக்கு வேலை கொடுத்தால் புத்தி படுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. தன் மேலேயே அவளுக்குக் கோபமாக வந்தது. கூடவே, முன்வாசலுக்குப் போனால் அங்கே என்ன இருக்கும் என்ற குறுகுறுப்பும் வந்துவிட்டது. நூறு வருஷம் என்று வேறு திரை சொல்கிறது. கழற்றிய பூட்ஸ் அங்கேயே இருக்குமா? வேறு ஆட்டம், வேறு கேசட். அதில் கழற்றியது இதில் எப்படிக் கிடக்கும்? அந்த வாரம் பிள்ளைகள் என்ன தப்பு அடித்தாலும் அவள் கண்ணில் படவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆறு மணிக்குக் கொட்டகையைத் திறக்கும்போதே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். புதுச் செருப்பு வாங்க அவளுக்கு நேரமில்லை, வெறுங்காலோடுதான் வந்திருந்தாள். சாமான்களை வைத்துக் கட்ட ஒரு மூலையில் அட்டைப் பெட்டிகள் தயாராக இருந்தன.

குழலியை ஏற்றினாள். பின்கதவு திறந்தது. சிவப்புச் சாம்பல் வெளி. தாடிக்காரன். இந்தத் தடவை எதிரே போகவில்லை. வலம் போகிறவர்கள் போகிற திசையில், வடக்கே என்று அடித்தாள். உயிர் குறையவில்லை. ‘மதில் நிழல். தரை சுடவில்லை’ என்றது. கிழக்கே. மதிலை ஒட்டி ஒற்றையடிப் பாதை. மறுபடியும் கிழக்கே. உயிர் அறுபதிலேயே நின்றது. தெற்கே என்று அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு கோடாக வந்தது. வாசலில் மரம் முளைத்திருந்தது. கதவில் கொடி படர்ந்திருந்தது. படத்தில் வேறொன்றும் இல்லை. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி எழுத்து.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் அக்காவுக்காகத் தமிழில் மெல்லச் சொன்னாள்: ‘வாசல்படியில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ் இருக்கிறது. உள்ளே மண் நிறைந்திருக்கிறது. யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.’

முகம் தெரியாத எவனோ ஒருத்தன், எந்தச் சீமையிலோ உட்கார்ந்துகொண்டு, இப்படியும் ஒருத்தி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருவாள், வந்தால் திரும்பத் தேடுவாள் என்று நினைத்து அந்த வரியை எழுதி வைத்திருக்கிறான். குழல்வாய்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மண்ணைத் தட்டி மாட்டிக்கொள்ளும்படி அடித்தாள்.

சாம்பல் வெளி பதினோரு அடி இருந்தது. பன்னிரண்டாவது அடியில் பச்சை வந்தது. வயல், குளம், குளத்துக்கு அப்பால் நாலு ஓட்டு வீடு. பார்த்தால் சுரண்டை போகிற பாதை மாதிரி இருக்கிறது, இதற்கா இந்தப் பாடு என்றாள் உலகம்மாள். ஆனால் அவளும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாடிக்காரன் வயல் வரப்பில் நின்றான். குழல்வாய்மொழி இப்போது தாடியைக் கவனிக்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு அருவிக் கூட்டம் கொட்டகை வாசலில் சேர்ந்துவிட்டது. துல்கர்னைன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நாளைக்குச் சுரண்டைக்காரரு வந்திருவாரு டீச்சர். ரெண்டுல எது நல்லாருக்குன்னு சொல்லட்டும்?”

எழுத்து, படம், மரியாதை என்று அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது.

“நூறு வருஷம் கழிச்சும் போட்ட எடத்துல அப்படியே கெடக்கு பாய். ஒருத்தரும் எடுக்கல” என்றாள்.

எந்த ஆட்டத்தைச் சொல்கிறாள் என்று விழித்துக்கொண்டே துல்கர்னைன் சுவிட்சை அணைத்தார். உலகம்மாள் தங்கையின் வெறுங்காலைப் பார்த்தாள். அணைந்துபோன திரையையும் ஒருதரம் பார்த்தாள்.

“செங்கோட்டை ரயிலு அந்த ஊருக்குப் போவுமாட்டி?” என்று கேட்டாள்.

குழல்வாய்மொழி சிரிக்கவில்லை.

“அடுத்த ஞாயித்துக்கிழம போய்ப் பாப்பமாக்கா?” என்றாள்.